மருந்து தீரும் தேதி: கடலூர்–புதுச்சேரி எல்லையில் வலிப்புநோயுள்ள ஒரு சிறுவன்

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, நாட்பட்ட நோயுள்ள குழந்தைகளின் வீடுகளில் கொரோனாவைக் காட்டிலும் அவசரமான ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கையிருப்பில் உள்ள மருந்து எத்தனை நாளைக்கு வரும், அது தீர்ந்தபின் எங்கே போவது என்பதே அந்தக் கணக்கு. வலிப்புநோய், முதல் வகை நீரிழிவு, வாதக்காய்ச்சலால் வரும் இதயநோய், சிறுநீரில் புரதம் வெளியேறும் நெஃப்ரோடிக் நோய் ஆகியவற்றில் மருந்து ஒரு வாரம் நின்றாலே குழந்தை மருத்துவமனையில் சேரும் நிலை வரலாம். சிலவற்றில் ஓரிரு நாளே போதும். அந்தக் காலத்தில் புதுச்சேரியிலும் கடலூர் மாவட்டத்தின் வடக்கு ஓரத்திலும் இத்தகைய குடும்பங்களோடு மருத்துவ சமூகப் பணியாளராக வேலை செய்தவன் என்ற முறையில், ஒரு சிறுவனின் நிகழ்வை முழுமையாக எழுதிவைப்பது பயனுள்ளது என்று கருதுகிறேன். சிறுவனின் பெயரும் ஊரும் தரப்படவில்லை. குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

குடும்பமும் நோயும்

புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் கொம்யூனின் எல்லையை ஒட்டிய, கடலூர் வட்டத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் அவர்கள் வசிக்கிறார்கள். இந்தப் பகுதியின் நிலவரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், புதுச்சேரி ஒன்றியப் பிரதேசமும் தமிழ்நாடும் இங்கே துண்டு துண்டாகப் பின்னிக் கிடக்கின்றன. வயலின் ஒரு வரப்பு ஒரு மாநிலத்திலும் அடுத்த வரப்பு இன்னொன்றிலும் இருக்கும். ஊரடங்குக்கு முன்னர் இந்த எல்லை யாருக்கும் பொருட்டாக இருந்ததில்லை. தந்தை புதுச்சேரியில் கொத்தனார் வேலை பார்த்தார். தாய் நூறு நாள் வேலைக்கும் மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கவும் போய்வந்தார். ஊர்க்காரர்கள் பெரிய நோய் என்றால் கடலூரைவிடப் புதுச்சேரிக்கே பஸ் ஏறுவது வழக்கம்.

சிறுவனுக்கு 2019 ஜூன் மாதம், மூன்று வயதில், காய்ச்சல் இல்லாமலே இருமுறை வலிப்பு வந்தது. புதுச்சேரியில் உள்ள ஒரு பெரிய போதனா மருத்துவமனையில் மூளை மின்னலை வரைபடம் எடுத்து, வலிப்புநோய் என்று உறுதிசெய்து, சோடியம் வால்ப்ரோயேட் சிரப் தொடங்கினார்கள். அப்போது அவன் எடை 12 கிலோ. ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் என்ற கணக்கில் 240 மில்லிகிராம். 5 மில்லியில் 200 மில்லிகிராம் உள்ள சிரப்பில் காலை 3 மில்லி, இரவு 3 மில்லி. இலவசமாகக் கிடைத்த மருந்து அது. தனியார் மருந்துக்கடையில் வாங்கினால் மாதம் ஒருநாள் கூலிக்கு அருகில் செலவாகும் என்பதால், மாதம் ஒருமுறை அம்மாவும் பிள்ளையும் புதுச்சேரிக்குப் போய் இரண்டு புட்டி வாங்கிவருவார்கள். மருந்து தொடங்கிய பிறகு ஒன்பது மாதங்கள் வலிப்பு வரவில்லை.

2020 மார்ச் 4 அன்று கடைசியாகப் போனபோது எடை 13.2 கிலோ. அளவை மாற்றவேண்டிய அவசியம் இல்லை என்று மருத்துவர் முடிவுசெய்தார். அது சரியான முடிவே. 100 மில்லி புட்டி இரண்டு தரப்பட்டது. நாளுக்கு 6 மில்லி வீதம் ஏப்ரல் 6 வரை வரும். அடுத்த முறை வரவேண்டிய தேதியாகச் சீட்டில் எழுதப்பட்டிருந்தது ஏப்ரல் 1.

காலை வேளை நின்றது

ஊரடங்கு அறிவிக்கப்பட்ட மறுநாளே பஸ் இல்லை; புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடையில் தடுப்பு வைத்து மறித்துவிட்டார்கள். பெரிய மருத்துவமனைகளின் வழக்கமான புறநோயாளர் பிரிவுகள் நிறுத்தப்பட்டு, அவசர சிகிச்சை மட்டுமே நடப்பதாகச் செய்தி வந்தது. தந்தைக்கு வேலை போயிற்று. ஏப்ரலில் அரிசி அட்டைக்கு வந்த 1,000 ரூபாயே அந்த மாதத்தில் அவர்கள் கண்ட ரொக்கம்.

இந்நிலையில் அந்தத் தாய் எடுத்த முடிவு, பின்னர் நாங்கள் பல வீடுகளில் வெவ்வேறு வடிவங்களில் கண்ட முடிவுதான். காலை வேளை மருந்தை நிறுத்திவிட்டு இரவில் மட்டும் 3 மில்லி கொடுத்தார். மகனுக்கு முன்பு வலிப்பு வந்த இருமுறையும் விடியற்காலையில் தூக்கத்தில் வந்ததால், இரவு மருந்தே முக்கியமானது என்று அவர் கருதினார். "ராத்திரி மட்டும் குடுத்தா சித்திரை பொறக்கற வரைக்கும் இழுத்துடலாம்னு பாத்தேன் சார். அதுக்குள்ள பஸ் விட்டுடுவாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க" என்று பிறகு சொன்னார். இதை அலட்சியம் என்று எழுதினால் அது பெரும் அநியாயம். கையில் இருப்பதைக் கணக்குப் பார்த்து நீட்டித்துச் செலவிடுவது அந்த வீட்டின் அன்றாடத் திறமை. அரிசிக்கும் எண்ணெய்க்கும் பலனளித்த அதே திறமையை அவர் மருந்துக்கும் பயன்படுத்தினார். வால்ப்ரோயேட் குழந்தைகளின் உடலிலிருந்து விரைவாக வெளியேறுவதையும், அதனால்தான் அளவை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்பதையும் அவரிடம் யாரும் விளக்கியிருக்கவில்லை. "வேளை தவறாமல் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

ஏப்ரல் 12 விடியற்காலையில் சிறுவனுக்கு வலிப்பு வந்தது. முன்பு ஓரிரு நிமிடங்களில் நின்றது இம்முறை நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக்கொண்டு அருகிலிருந்த அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். அங்கே ஊசி போட்ட பிறகு வலிப்பு நின்றது. மொத்தம் அரைமணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்பது குடும்பத்தார் சொல்வதிலிருந்து நாங்கள் கணித்தது. ஐந்து நிமிடத்தைத் தாண்டிய வலிப்பே அவசரநிலை. அரைமணி நேரம் என்பது மூளைக்குப் பாதிப்பு வரக்கூடிய எல்லை. அவன் அதிலிருந்து முழுமையாக மீண்டதை நல்வாய்ப்பு என்றே சொல்லவேண்டும்.

இந்த நிகழ்வில் என்னை மிகவும் யோசிக்கவைத்த விவரம் ஒன்று உண்டு. வலிப்பு வந்த அன்று வீட்டில் இரண்டாவது புட்டியில் சுமார் 20 மில்லி மருந்து மீதி இருந்தது. மருந்து தீர்ந்த பிறகு வந்த வலிப்பு அல்ல இது. தீர்ந்துவிடுமோ என்ற பயம், தீர்வதற்கு மூன்று வாரம் முன்பே தன் வேலையைத் தொடங்கிவிட்டது. மருந்துத் தட்டுப்பாடு என்று நாம் அளப்பது பெரும்பாலும் கிடங்கிலும் கடையிலும் உள்ள இருப்பை; குடும்பங்களின் தட்டுப்பாடோ அடுத்த புட்டி எங்கிருந்து வரும் என்று தெரியாமல் போகும் நாளிலேயே ஆரம்பமாகிறது. அந்த நாளில் யாராவது ஒருவர் போன் செய்து, "இருப்பதை முழு அளவில் கொடுங்கள், அடுத்தது இந்தத் தேதிக்குள் வரும்" என்று சொல்லியிருந்தால், மருந்து ஒரு சொட்டுகூடக் கூடுதலாக இல்லாமலே அந்த வலிப்பைத் தடுத்திருக்க வாய்ப்பு மிக அதிகம்.

மாத்திரையும் வாந்தியும்

சேர்த்த இடத்தில் அன்று வால்ப்ரோயேட் மாத்திரையாக மட்டுமே இருந்தது. 200 மில்லிகிராம் மாத்திரைகளைக் கொடுத்து, காலையிலும் இரவிலும் அரை அரையாகக் கொடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். நாலு வயதுகூட நிரம்பாத பிள்ளை மாத்திரையை விழுங்கமாட்டான். தாய் அதைக் கரண்டியால் நசுக்கித் தேனில் குழைத்துக் கொடுத்தார். குடலில் போய்க் கரையும்படி மேற்பூச்சு இடப்பட்ட மாத்திரை அது. அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பூச்சு உடைந்த மருந்து வயிற்றைப் புரட்ட, பிள்ளை பாதி வேளைகளில் வாந்தி எடுத்தான். பதிவேட்டில் மருந்து வழங்கப்பட்டது, வீட்டில் மருந்து கொடுக்கப்பட்டது, உடலில் எவ்வளவு தங்கியது என்பதை யாராலும் சொல்லமுடியாது. குழந்தைகளுக்குச் சிரப்புக்குப் பதில் மாத்திரை என்பது, பெரியவர்களுக்கு ஒரு கம்பெனி மாத்திரைக்குப் பதில் இன்னொன்று தருவதைப் போன்ற எளிய மாற்று அல்ல என்பதை அந்தச் சில நாட்கள் எங்களுக்குத் தெளிவாகக் காட்டின.

ஊர் துணை சுகாதார நிலையத்தின் செவிலியர் மூலமாகவே இந்த விஷயம் எங்களுக்குத் தெரியவந்தது. கர்ப்பிணி ஒருவரைப் பார்க்கப் போனவரிடம், "நர்ஸம்மா, இந்த மாத்திரை ஒத்துக்கலையே, என்ன பண்ணட்டும்?" என்று தாய் கேட்க, அவர் மாத்திரை அட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அந்தப் படத்திலிருந்துதான் பிற ஏற்பாடுகள் எல்லாம் தொடங்கின.

எல்லையைத் தாண்டிய புட்டி

அப்போது எங்களுக்குக் கைகொடுத்தது, மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச் 25 அன்று, அதாவது ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள். ஏற்கெனவே நேரில் பார்த்த நோயாளிக்கு அதே நோய்க்கான மருந்தைத் தொலைபேசி ஆலோசனையின் பேரில் மீண்டும் எழுதித்தர அவை தெளிவாக அனுமதித்தன. போதனா மருத்துவமனையில் சிறுவனைப் பார்த்துவந்த மருத்துவர் தாயிடம் போனில் பேசி, சிரப்பையே தொடரும்படி எழுதி, சீட்டின் படத்தை அனுப்பினார். காய்ச்சல் வரும் நாட்களில் மட்டும் கொடுக்கக் குளோபசாம் மாத்திரையும் வேண்டும் என்று அவர் கருதினார். ஆனால் அது மனநலத்தின்மேல் செயல்படும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் வகையில் வருவதால், தொலைபேசி ஆலோசனையில் எழுத முடியாத நிலை தொடக்கத்தில் இருந்தது. வலிப்புநோய்க்கு அன்றாடம் பயன்படும் ஃபீனோபார்பிடோன், குளோபசாம், குளோனசபாம் ஆகிய மூன்றும் பின்னர் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் சேர்க்கப்பட்டன. பட்டியலில் சேர்ந்த பிறகும் போனில் உள்ள படத்தைப் பார்த்து அவற்றைத் தர மருந்துக்கடைக்காரர்கள் தயங்கினார்கள். அவர்களுடைய தயக்கத்திலும் நியாயம் இருந்தது. மருத்துவரின் பதிவு எண்ணும் கையெழுத்தும் தெளிவாகத் தெரியும்படி சீட்டை அனுப்பி, கடைக்காரரோடு மருத்துவரையே ஒருமுறை பேசவைத்த பிறகே அது சரியானது.

புதுச்சேரியில் வாங்கிய சிரப்புகளை ஒரு தன்னார்வலர் முள்ளோடைத் தடுப்பு வரை கொண்டுவந்தார். அங்கே பணியிலிருந்த காவலர் பையை வாங்கி மறுபக்கம் காத்திருந்த செவிலியரிடம் கொடுத்தார். முதல் தடவை விளக்கம் சொல்லவேண்டியிருந்தது, அதன்பிறகு, "பிட்ஸ் மருந்தா? குடுங்க" என்று அவர்களே கேட்டு வாங்கினார்கள். பையின்மேல் பிள்ளையின் பெயர், ஊர், செவிலியரின் போன் எண் ஆகியவற்றைத் தடித்த பேனாவால் எழுதி ஒட்டுவது என்று வைத்துக்கொண்டோம். ஒரே தடவையில் இரண்டு மாத மருந்து அனுப்பப்பட்டது.

ஐந்து நிமிடம் தாண்டும் வலிப்புக்கு மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரேயும் வீட்டுக்குத் தரப்பட்டது. எத்தனை முறை அழுத்தவேண்டும், எப்போது 108-ஐ அழைக்கவேண்டும் என்பதைச் செவிலியர் தாய்க்கும் பாட்டிக்கும் நேரில் செய்துகாட்டினார். மருத்துவமனைக்குப் போகும் வழி அடைபட்டிருக்கும் காலத்தில் இந்தச் சிறிய ஸ்பிரேயின் மதிப்பு மிகப் பெரியது. வலிப்புநோயுள்ள குழந்தையின் வீட்டுக்கு இது ஊரடங்கு இல்லாத காலத்திலும் தரப்படவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

யார் பெயர் எங்கே இருந்தது

மே மாதத் தொடக்கத்தில் சென்னை கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பிய தொழிலாளர்கள் வழியாகக் கடலூர் மாவட்டத்தில் தொற்று திடீரென்று பெருகியது. ஊர் ஊராகக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் அறிவிக்கப்பட, கிராம சுகாதார செவிலியர்கள் அனைவரும் கண்காணிப்புப் பணிக்கு இழுக்கப்பட்டார்கள். எங்கள் சங்கிலியின் முக்கியக் கண்ணி அதோடு கழன்றுவிடும் போலிருந்தது. அப்போதுதான் வேறொரு கேள்வியைக் கேட்டுக்கொண்டோம். இதே மாவட்டத்தில் எந்தக் குழந்தைகளுக்கு மருந்து தடையின்றிப் போய்ச் சேர்ந்தது?

எச்.ஐ.வி. தொற்றுள்ள குழந்தைகளுக்குப் பெரும்பாலும் போய்ச் சேர்ந்தது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் ஒரே தடவையில் மூன்று மாதம் வரை கூட்டுமருந்து வழங்க அனுமதித்திருந்தது. அதைவிட முக்கியமாக, எச்.ஐ.வி. மருந்து தரும் ஒவ்வொரு ஏ.ஆர்.டி. மையத்திலும் ஒவ்வொரு நோயாளியின் பெயரும், அவர் வராவிட்டால் போன் செய்யக் கடமைப்பட்ட ஓர் ஆலோசகரும் இருந்தார்கள். காசநோய்க்கு நிக்‌ஷய் பதிவு இருந்தது. ஆனால் வலிப்புநோயுள்ள குழந்தையின் பெயர் எங்கே இருந்தது? அவன் தாயின் மஞ்சள் பையில், பிளாஸ்டிக் உறைக்குள் மடித்துவைத்த புறநோயாளர் சீட்டில் இருந்தது. அவன் வராமல் போனால் அது யாருக்கும் தெரியவராது. அவன் ஊர்ச் செவிலியருக்கே அவன் நோய் வலிப்பு வந்த பிறகுதான் தெரிந்தது. ஏனென்றால் மருத்துவமனை வேறொரு நிர்வாகத்தின் எல்லைக்குள் இருந்தது, அங்கிருந்து இங்கே எந்தத் தகவலும் வருவதில்லை.

பிறந்தது முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்கான மத்திய அரசின் நலப் பரிசோதனைத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் 30 நோய்நிலைப் பட்டியலில் வலிப்புநோயும் உண்டு, வாதக்காய்ச்சல் இதயநோயும் உண்டு. அந்தத் திட்டக் குழுக்கள் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குழந்தைகளைச் சோதித்துக் கண்டுபிடிக்கின்றன. அது மிக நல்ல பணி. ஆனால் பள்ளியும் அங்கன்வாடியும் மூடியபோது குழுக்கள் போகுமிடம் இல்லாமல் போயிற்று. மேலும், கண்டுபிடித்து உரிய மருத்துவமனைக்கு அனுப்புவதோடு திட்டத்தின் பொறுப்பு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதன்பிறகு அந்தக் குழந்தையின் புட்டியில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதைப் பார்ப்பது யாருடைய வேலை என்று எழுதப்பட்டிருக்கவில்லை.

எனவே ஒரு நோட்டு போட்டோம். செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் தங்கள் ஊர்களில் அவர்களுக்குத் தெரிந்த நாட்பட்ட நோயுள்ள குழந்தைகளின் பெயர்களைச் சொன்னார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே, ஆனால் அவர்களில் பாதிப்பேரின் நோய் அதுவரை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மருந்தின் பெயர், ஒரு வேளை அளவு, கையிருப்பு ஆகியவற்றோடு, மருந்து தீரும் தேதி என்று ஒரு கட்டம் வைத்தோம். மருத்துவமனைச் சீட்டில் இருப்பது மறுபடி வரவேண்டிய தேதி. அது மருத்துவமனையின் வசதிக்காக வைத்த தேதி. அதைத் தவறவிட்டாலும் நடப்பதொன்றுமில்லை. மருந்து தீரும் தேதியோ குழந்தையின் உடலோடு தொடர்புடையது. அந்தத் தேதிக்கு இரண்டு வாரம் முன்பு போன் செய்வது என்பது விதி. வீட்டின் ஒரே போன் பகலில் தந்தையோடு போய்விடும் என்பதால், மாலை ஏழு மணிக்குமேல்தான் கூப்பிடவேண்டும் என்பதையும், பக்கத்து வீட்டு எண்ணையும் நோட்டிலேயே எழுதிவைத்தோம்.

செவிலியர் கண்காணிப்புப் பணியில் இருந்த மாதங்களில் அங்கன்வாடிப் பணியாளரே மருந்தைக் கொண்டுசேர்த்தார். மையம் மூடியிருந்தாலும் அவர் சத்துமாவை வீடுவீடாகக் கொடுத்துவந்தார். மாவுப் பாக்கெட்டோடு சிரப்புப் புட்டியும் போனது. புதிய வழி எதையும் நாங்கள் அமைக்கவில்லை, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த நடையில் மருந்தை ஏற்றிவிட்டோம்.

மற்றக் குழந்தைகளைப் பற்றிச் சுருக்கமாக

குறிஞ்சிப்பாடிப் பக்கம் முதல் வகை நீரிழிவுள்ள பதினோரு வயதுச் சிறுமிக்கு இன்சுலின் கிடைப்பதில் சிக்கல் இருக்கவில்லை. அதை வைப்பதில்தான் இருந்தது. 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அடுத்த வாரமே புரெவியின் மழை கடலூர் மாவட்டத்தை மூழ்கடித்தது. மின்சாரம் இல்லாத நாட்களில், இரண்டு மண்பானைகளுக்கு நடுவே ஈரமணல் போட்டு, இன்சுலின் புட்டியை நனையாமல் பாலித்தீன் உறையில் கட்டி உள்பானையில் வைத்தார்கள். பயன்பாட்டில் உள்ள புட்டி மிதமான அறைவெப்பத்தில் நான்கு வாரம் தாங்கும் என்பதை முன்பே சொல்லியிருந்ததால், பயத்தில் அதைத் தூக்கியெறியவில்லை. சாப்பாடு குறைந்தாலும் வாந்தி வந்தாலும் இன்சுலினை முற்றிலும் நிறுத்தக்கூடாது என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது.

நெஃப்ரோடிக் நோய்க்கு ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்த ஒரு குழந்தையின் வீட்டில், அந்த மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், கொரோனா உடனே பற்றிக்கொள்ளும் என்று உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். வாரக்கணக்கில் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால், உடல் தானாகச் சுரக்கவேண்டியதைச் சுரக்க முடியாமல் குழந்தை ஆபத்தில் விழலாம். அதே ஆண்டு ஜூனில், தீவிர கொரோனா நோயாளிகளின் உயிரைக் காப்பதாக நிரூபிக்கப்பட்ட டெக்சாமெத்தசோனும் ஒரு ஸ்டீராய்டுதான். இதை அந்தத் தந்தையிடம் சொன்னபோதுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது.

வாதக்காய்ச்சலால் இதயம் பாதிக்கப்பட்ட சிறுமிக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சதீன் பென்சிலின் ஊசி. ஒவ்வாமைக்குப் பயந்து அருகிலிருந்த இரண்டு தனியார் கிளினிக்குகள் போட மறுத்தன. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் முன்வந்தார். 27 கிலோவுக்குக் கீழே 6 லட்சம் யூனிட், அதற்கு மேலே 12 லட்சம் யூனிட் என்பது கணக்கு. அவளுடைய பழைய சீட்டில் 6 லட்சம் என்று இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்த்தபோது 28 கிலோவுக்கு மேல் இருந்தாள். பழைய சீட்டை வைத்தே போட்டிருந்தால், ஊசியின் வலி முழுதாக இருந்திருக்கும், பாதுகாப்பு பாதியாக இருந்திருக்கும்.

வளர்ந்த பிள்ளையும் வளராத அளவும்

அந்தச் சிறுமியின் எடை எங்களை எச்சரித்திருந்தும், அது சிறுவனின் விஷயத்திலும் பொருந்தும் என்பது வேறு வழியில்தான் வெளிப்பட்டது. 2020 டிசம்பர் இறுதியிலும் 2021 ஜனவரியிலும் அவனுக்கு மீண்டும் சிறிய வலிப்புகள் வந்தன. இரண்டும் ஒரு நிமிடத்துக்குள் நின்றன. போனில் பேசிய மருத்துவர் முதலில் கேட்டது இயல்பான கேள்விதான்: வேளை தவறியதா? தாய்க்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. "ஏப்ரல்ல பட்டதுக்கு அப்பறம் ஒருவேள கூட விட்டதில்ல சார், வேணும்னா புட்டிய எண்ணிக்கங்க" என்றார். நோட்டை எடுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு புட்டியும் தீரவேண்டிய நாளிலேயே தீர்ந்திருந்தது. அவர் சொன்னது முழு உண்மை.

பிறகு மருத்துவர், "எடை எவ்வளவு?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. மார்ச்சுக்குப் பிறகு அவனை யாரும் தராசில் நிறுத்தியிருக்கவில்லை. அங்கன்வாடியில் மாதாமாதம் நடக்கும் எடைபார்ப்பும் நின்றிருந்தது. பணியாளர் மையத்தைத் திறந்து பார்த்தபோது 15.6 கிலோ. வால்ப்ரோயேட் பசியைக் கூட்டும் மருந்தும்கூட. 12 கிலோ எடைக்கு எழுதிய 240 மில்லிகிராம், இப்போது கிலோவுக்கு 15.4 ஆகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ ஒன்பது மாதங்களாக ஒருவேளை தவறாமல், ஒவ்வொரு மாதமும் சற்றுக் குறைவாக அவனுக்கு மருந்து கொடுக்கப்பட்டுவந்தது. தாயும் தவறவில்லை, நாங்களும் புட்டியைத் தாமதிக்கவில்லை. பிள்ளை வளர்ந்தான், அவ்வளவுதான்.

தொலைபேசி வழியே பழைய சீட்டைத் திரும்ப எழுதுவது பெரியவர்களுக்கு நீண்டநாள் ஈடுகொடுக்கும். குழந்தைக்கு அது காலாவதியாகிக்கொண்டே இருக்கும் சீட்டு. இதை எல்லாக் குழந்தைநல மருத்துவர்களும் அறிவார்கள். ஆனால் நேரில் வரும்போது புறநோயாளர் பிரிவின் வாசலில் செவிலியர் எடை பார்ப்பது யாரும் கவனிக்காமல் நடக்கும் காரியம் என்பதால், நேர்வருகை நின்றபோது அதுவும் சேர்ந்து நின்றதை யாரும் உணரவில்லை.

அளவு காலை 4 மில்லி, இரவு 4 மில்லியாக உயர்த்தப்பட்டது. அதிலும் ஒரு தடங்கல் இருந்தது. தாய் மருந்தை அளந்தது ஊசி நீக்கிய 5 மில்லி சிரிஞ்சில். கழுவிக் கழுவி அதன் எண்கள் அழிந்துபோனதால், எண்கள் தெரிந்த காலத்திலேயே 3 மில்லிக் கோட்டின்மேல் சிவப்பு நகப்பூச்சால் ஓர் அடையாளம் இட்டிருந்தார். அறிவுள்ள வேலை. ஆனால் அவர் வெளியே போகும் நாட்களில் மருந்து கொடுத்த பாட்டிக்கு எழுத்து தெரியாது. அவருக்கு அளவு என்பது அந்தச் சிவப்புக் கோடுதான். போனில் சொன்ன புதிய அளவு தாயிடம் நின்றுவிட்டது, பாட்டி பழைய கோட்டுக்கே இழுத்தார். வீட்டுக்குப் போன செவிலியர் இதைப் பார்த்து, பழைய சிரிஞ்சை வாங்கிக்கொண்டு, புதிய சிரிஞ்சில் 4 மில்லியில் நகப்பூச்சு வைத்துக்கொடுத்தார். அன்று முதல் அளவு மாறும் ஒவ்வொரு குழந்தைக்கும் புட்டியோடு கோடிட்ட புதிய சிரிஞ்ச் அனுப்புவது, பழையதைத் திரும்பப் பெறுவது என்று வைத்துக்கொண்டோம். நோட்டில் எடை, எடை பார்த்த தேதி என்று இரண்டு கட்டங்கள் கூடின. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட எடையை வைத்து மருந்து எழுதித்தரக் கேட்பதில்லை என்று முடிவுசெய்தோம்.

இரண்டாம் அலையும் அதன் பிறகும்

2021 மே 10 முதல் தமிழ்நாட்டில் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. இம்முறை சிறுவனின் தந்தைக்கே தொற்று ஏற்பட்டு வீடு தனிமைப்படுத்தப்பட்டது. பதினான்கு நாட்கள் யாரும் வெளியே வரமுடியவில்லை. அந்த வாரம் வீட்டில் ஐந்து வாரத்துக்கான மருந்து இருந்தது. எப்போதும் இரண்டு வாரக் கையிருப்பு குறையாமல் பார்த்துக்கொண்டதன் பலன் அது. தாய்க்கும் காய்ச்சல் வந்து படுத்த நாட்களில் பாட்டி புதிய கோட்டுக்கு அளந்து இருவேளையும் கொடுத்தார். அந்த அலையில் அவனுக்கு ஒரு வலிப்பும் வரவில்லை.

செவிலியர் அந்த ஆண்டின் இறுதியில் மாறுதலில் போனார். நோட்டை அடுத்து வந்தவரிடம் ஒப்படைத்து, ஒவ்வொரு பெயராக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனார். ஆனால் அது அவருடைய நல்ல மனம்; அலுவலகப் பதிவேடுகளில் இப்படியொரு கட்டம் இல்லாதவரை, அடுத்த மாறுதலில் நோட்டு மேசை இழுப்பறைக்குள் போய்விடும் வாய்ப்பு எப்போதும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள பெரியவர்களின் வீட்டுக்கே மாத்திரையைக் கொண்டுசெல்கிறது. அதே தெருக்களில் நடக்கும் அந்தப் பணியாளர்களின் பட்டியலில் வலிப்புநோயுள்ள குழந்தைகளையும் இன்சுலின் போடும் குழந்தைகளையும் சேர்ப்பதற்குப் புதிய கட்டமைப்பு தேவையில்லை. குழந்தைகளுக்கு உரிய சிரப்பும், ஒரு கையடக்கத் தராசும் அந்தப் பையில் இருந்தால் போதும்.

சிறுவனுக்குக் கடைசி வலிப்பு வந்தது 2021 ஜனவரியில். இரண்டு ஆண்டுகள் வலிப்பின்றிக் கடந்த பிறகு, 2023 தொடக்கத்தில் மருத்துவர் மருந்தைக் குறைக்கத் தொடங்கினார். காலையில் அரை மில்லி, சில வாரம் கழித்து இரவில் அரை மில்லி என்று, ஆறு மாதத்துக்கு மேல் நீண்ட குறைப்பு அது. ஒவ்வொரு படிக்கும் புதிய கோடிட்ட சிரிஞ்ச் போனது. ஒவ்வொரு முறையும் மருந்து தீரும் தேதி மாறியதால் நோட்டில் அடித்து எழுதப்பட்டது. குறைப்பது நிறுத்துவதைவிடக் கவனமான வேலை என்பதைத் தாய்க்கு இம்முறை யாரும் தனியாக விளக்கவேண்டியிருக்கவில்லை. சிரப் நின்றபிறகும் ஓராண்டுக்கு ஸ்பிரேயை வீட்டில் வைத்திருக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார்; அதன் காலாவதித் தேதி, மருந்து தீரும் தேதிக்கான அதே கட்டத்தில் எழுதப்பட்டிருந்தது.